இரண்டுக்கு ஒன்று

ஆணை லிஸ்பனிலிருந்து வந்தது. ஒரே பக்கம்.
இரண்டு தெருவிளக்குக்கு ஒன்றை அணைக்கவும்.
எந்த ஒன்று என்று எழுதவில்லை.
அதை ஏணி வைத்திருப்பவன் பார்த்துக்கொள்ள வேண்டும்.
ஏணி என்னிடம் இருந்தது.

கோட்டுப் போட்ட மூன்று பேர் தலைநகரில் இறங்கி
நாட்டின் கணக்கைப் புரட்டிக்கொண்டிருந்த வருடம்.
எங்கள் ஊர்ப்பக்கம் அவர்கள் வரவில்லை.
வந்திருந்தால் இலீதியுவின் கடையில்
ரொட்டியாவது தின்றிருக்கலாம்,
கடனுக்கு.

அதிகாலை மூன்றுக்கு மாவு பிசைகிறவன் நான்,
என் வாசலைத் தொடாதே என்றான் இலீதியு.
மருந்துக்கடை கிராசியேத் வாய்விட்டுக் கேட்கவில்லை;
இருமல் மருந்துப் புட்டி ஒன்றை
என் சட்டைப்பையில் செருகினாள்.
பாதிரியாரிடம் மெழுகுவர்த்தி இருக்கிறது என்று
நானே தீர்ப்பெழுதினேன்.
ஒற்றைப்படைக்கு வெளிச்சம். இரட்டைப்படைக்கு இருட்டு.
ஏறினேன், திருகினேன், இறங்கினேன்.
என் வீட்டு வாசல் பதினெட்டு.

மதுக்கடையில் பெல்மீரு மேசையைத் தட்டினான்.
கட்டட வேலை நின்று பதினாலு மாதம் அவனுக்கு.
"செலவு செய்யணும்! குழி தோண்டச் சொல், மூடச் சொல்,
கூலி கையில் விழுந்தால் இவன் கடையில் குடிப்பேன்,
இவன் கூரை மாற்றுவான்,
கூரை போட நான்தானே வரணும்?"
வரி அலுவலகத்தில் ஓய்வுபெற்ற ஒஃபேலியா
காப்பியிலிருந்து கண்ணெடுக்கவில்லை.
"விரலுக்குத் தக்க வீக்கம், பெல்மீரு.
தொழிற்பேட்டைச் சாலையைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து பேசு."

தொழிற்பேட்டைச் சாலை பணம் பாய்ந்த காலத்தில் போட்டது.
அறுபத்துநான்கு கம்பங்கள். நட்டவன் நான்.
முனையில் பன்னிரண்டு நட்சத்திரப் பலகை.
வரவேண்டிய ஆலை ஸ்லோவாக்கியாவுக்குப் போய்விட்டது.
மிச்சம், ஒரு வட்டச் சந்தி,
அதன் நடுவே
தண்ணீர் பார்த்தேயிராத நீரூற்று.

அங்கே அறுபத்துநான்கையும் அணைக்கிறேன்,
ஊரை விட்டுவிடலாம் என்று கேட்டேன்.
நகரத்தலைவர் கோப்பைத் திருப்பிக் காட்டினார்.
அது ஒன்றியத்தின் மானியம்;
பத்தாண்டுக்குள் பயன்பாடு நின்றால்
திருப்பிக் கட்ட வேண்டும், வட்டியோடு.

சிக்கனத்துக்காக ஊர் இருண்டது.
தாராளத்துக்காக ஆளில்லாச் சாலை விடியவிடிய எரிந்தது.

முதலில் அங்கே போனவை நாய்கள்.
அப்புறம் பந்தோடு பையன்கள்.
அப்புறம், வீட்டில் மின்கட்டணம் கட்டாதவர்களின் பிள்ளைகள்,
புத்தகத்தோடு.
பெல்மீரு நீரூற்றின் விளிம்பில் சீட்டாடினான்.
மிஞ்சிய ரொட்டியை இலீதியு பாதி விலைக்குத் தந்தான்.
ஒஃபேலியா மடக்கு நாற்காலியோடு வந்தாள்.
"இதனால் நான் சொன்னது தப்பென்று ஆகிவிடாது"
என்று அறிவித்த பிறகே உட்கார்ந்தாள்.

வெள்ளிக்கிழமைகளில் லக்ஸம்பர்க் பேருந்தும்
அங்கேதான் நின்றது; ஓட்டுநருக்கு வெளிச்சம் வசதி.
என் மகள் சுல்மீரா, செவிலிப் படிப்பு முடித்தவள்
(இங்கே மருத்துவமனையில் ஆள் எடுப்பதில்லை,
இருப்பவர்களையே எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்),
நாற்பத்தொன்றுக்கும் நாற்பத்திரண்டுக்கும் நடுவில்
பெட்டியை வைத்து நின்றாள்.
ஊருக்குள் எங்களுக்கெல்லாம் ஒற்றை நிழல்.
அங்கே அவளுக்கு இரண்டு.
ஒன்று பேருந்தின் பக்கம் நீண்டிருந்தது,
இன்னொன்று என் செருப்பு வரைக்கும்.
மிதித்துவிடாமல் நகர்ந்து நின்றேன்.

மறுவாரம் பதினெட்டில் ஏறித் திருகினேன்.
எரிந்தது.

ஒஃபேலியா எதிர்ச்சாரியில் குடியிருக்கிறாள்.
கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள்.
"ஆற்றிலே போட்டாலும் அளந்து போடணும்."
"அளந்துதான் போட்டேன். எழுபது வாட்."
பதில் சொல்லாமல் தெருவைக் கடந்தாள்.
கைப்பையைத் துழாவினாள், நெடுநேரம்.
பிறகு விளக்குப் பக்கம் கொஞ்சம் திரும்பி நின்று
சாவியைக் கண்டுபிடித்தாள்.